ஜூன் மாதம் டோலமைட்ஸ் ஏறப்போகிறீர்களா? இறங்கும் பக்கத்தில் பனி கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "ஜூன் நடுவில் பயிற்சிக்காக ஜெர்மனி போகிறேன். ஒரு வார இறுதியில் இத்தாலியின் டோலமைட்ஸ் போய், டொஃபானா டி ரோசெஸ் மலையில் லிபெல்லா வியா ஃபெராட்டா ஏறலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை எல்லாம் நிறைய ஏறியிருக்கிறேன், பனியில் கால் வைத்ததில்லை. கோடையில் கூட அங்கே பனி இருக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?"

இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அந்தச் சிகரம் 3225 மீட்டர். குளிர்காலத்தில் விழுந்த பனி ஜூன் நடுவில் அந்த உயரத்தில் முழுசாகக் கரைந்திருக்காது, சில வருடம் ஜூலை வரைக்கும் கிடக்கும். அங்குள்ள மலை விடுதிகள் பலவும் ஜூன் 20 வாக்கில்தான் கதவைத் திறக்கின்றன, அதிலிருந்தே நிலவரம் புரியும்.

வியா ஃபெராட்டா என்றால் பாறையில் இரும்பு வடம் அடித்து வைத்த ஏறுவழி. இடுப்புப் பட்டையிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை அந்த வடத்தில் மாட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் ஏறும் சுவரின் படத்தைப் பார்த்து, பாறை காய்ந்திருக்கிறது, போகலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் லிபெல்லாவில் ஏறி முடித்த பிறகு சிகரத்தின் வடக்குப் பக்கமாகச் சரளைச் சரிவில் இறங்கி, 2580 மீட்டரில் இருக்கும் ஜுஸ்ஸானி விடுதிக்கு வர வேண்டும். வெயில் குறைவாகப் படும் பக்கம் அது, பனி கடைசியாகக் கரைவதும் அங்கேதான். ஏறும்போது கொக்கி மாட்ட வடம் இருக்கிறது, களைத்துப்போய் இறங்கும்போது அது கிடையாது. அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது முதலில் இறங்கும் பக்கத்தைப் பற்றி.

வெப்கேமரா பார்ப்பதென்றால் அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று வரைபடத்தில் சரிபாருங்கள். தெற்கு முகத்தைக் காட்டும் கேமராவில் மலை எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். அப்புறம் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, சில நாளுக்கு ஒருமுறை புதுசு வரும், மேகம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர் என்பதால் பெரிய சரிவில் பனி இருக்கிறதா என்று தெரியுமே தவிர, பாறை இடுக்கில் ஐந்து மீட்டர் அகலத்துக்குக் கிடக்கும் பனி தெரியாமல் போகலாம். ஆபத்து பெரும்பாலும் அந்த இடுக்கில்தான்: வடம் பனிக்குள் புதைந்து மறைந்து அந்தப் பக்கம் வெளியே வரும், நடுவில் உள்ள தூரத்தைக் கொக்கியைக் கழற்றிவிட்டு எந்தப் பிடிமானமும் இல்லாமல் கடக்க வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லக்கூடியவர் விடுதிக்காரர்தான். அங்கே மதியம் மூன்று மணி, நமக்கு மாலை ஆறரை, அந்த நேரத்தில் போன் போடுங்கள். விடுதி திறக்கவில்லை என்றால் கோர்ட்டினா ஊரிலுள்ள மலை வழிகாட்டிகளைக் கேளுங்கள். "கண்டிஷன் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்று பொதுவாகத்தான் பதில் வரும். வடம் முழுக்க வெளியே தெரிகிறதா, வடக்குச் சரிவில் பனி எவ்வளவு தூரம், இந்த வாரம் போனவர்கள் கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) போட்டுத்தான் இறங்கினார்களா, குகைப்பாதையில் ஐஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். லிபெல்லாவின் தொடக்கத்தில் முதல் உலகப் போரில் குடைந்த குகைப்பாதை ஒன்று உண்டு, தலையில் மாட்டும் விளக்கு அங்கே கட்டாயம்.

முந்தின இரவு வானம் தெளிவாக இருந்ததா என்பதும் முக்கியம். தெளிவான இரவில் பனி இறுகிவிடும், காலையில் அந்தச் சரிவு பாலிஷ் போட்ட கிரானைட் பலகையைச் சாய்த்து வைத்த மாதிரிதான், கால் வழுக்கினால் கீழே கற்குவியல் வரை நிற்காது. மேகம் மூடிய, வெப்பமான இரவு என்றால் பனி இறுகாமல் தொடை வரை உள்ளே இழுக்கும், பாறையை ஒட்டிய ஓரத்தில் அடியில் கரைந்து வெறும் பொந்தாகவும் இருக்கும். கரைந்த தண்ணீரோடு கல்லும் உருளும், ஹெல்மெட்டைக் கழற்றவே வேண்டாம்.

உங்களுக்கு என் பதில்: சரிவில் பனி இருக்கிறது என்று விடுதிக்காரர் சொன்னால், வழிகாட்டி இல்லாமல் லிபெல்லா வேண்டாம். கிராம்பானையும் பனிக்கோடரியையும் வாடகைக்கு எடுத்துவிடலாம்தான், ஆனால் வழுக்கும்போது கோடரியைக் குத்தி உடம்பை நிறுத்துவது பழகினால்தான் வரும், முதல் பழக்கத்தை அந்தச் சரிவில் வைத்துக்கொள்ளக் கூடாது. செருப்பில் மாட்டுவது போன்ற சின்ன முள் சங்கிலி செங்குத்தான பனிக்குப் போதாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

அதே வார இறுதிக்கு கார்டா ஏரிக்கு வடக்கே ஆர்க்கோ ஊரில் கொலோத்ரி என்ற சின்ன வியா ஃபெராட்டா இருக்கிறது. உயரம் குறைவு, ஜூனில் பனிக்குப் பயப்பட வேண்டியதில்லை, முதல் தடவை கொக்கி மாற்றிப் பழக நல்ல இடம். அங்கே தொல்லை வெயில்தான், தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு விடியும்போதே ஏற ஆரம்பியுங்கள்.