பிளம்பரை வயரைத் தொட விடாதீர்கள்: பெங்களூரு வீட்டு வேலை கேள்வி-பதில்

முருகேஷ்பாளையா: பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. குழாயையே மாற்ற வேண்டும், 1,800 ரூபாய் ஆகும் என்கிறார் பிளம்பர். நியாயமா?

இல்லை. குழாயின் உடம்பு விரிசல் விடாதவரை ஸ்பிண்டிலை, அதாவது பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகத்தை, மட்டும் மாற்றினால் போதும். போர்வெல் தண்ணீரின் உப்பு, ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் பீங்கான் தட்டைக் கீறிவிடும். அந்தக் கீறல் வழியாகத்தான் சொட்டுகிறது. வால்வை அடைத்து, பிடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை ஸ்பேனரால் எடுத்து, அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டோவைக் காட்டி வாங்கினால் பிடி உட்காராது. பாகம் 200, கூலி 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலியை வேலை தொடங்கும் முன் பேசுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி: டிவி மாட்ட எத்தனை எம்எம் டிரில் போடச் சொல்ல வேண்டும்?

என்ன சுவர் என்று எழுதவில்லை, டிவியின் எடையையும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. டிவி மறைக்கப்போகும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல், கரடுமுரடான சாம்பல் நிறம் என்றால் கான்கிரீட் பிளாக். இரண்டுக்கும் 8 எம்எம் ஓட்டை, அதே அளவு ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் உறை), 2 அங்குல ஸ்க்ரூ போதும். மாவு மாதிரி வெளிர்தூள் கொட்டினால் அது ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கல். அதில் டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறையை) நிறுத்திவிட்டுத்தான் துளைக்க வேண்டும். ஹேமர் அடித்தால் ஓட்டை பெரிதாகி, பிளக் கையோடு வந்துவிடும். ஏஏசிக்கென்றே விற்கும் நீள நைலான் பிளக்கை வாங்கிக் கொடுங்கள். எந்தச் சுவரானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்க விடாதீர்கள். வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

கே.ஆர்.புரம்: அலமாரி செய்ய பாதிப் பணம் வாங்கிய கார்பெண்டர் போன் எடுப்பதில்லை.

ஏன் கொடுத்தீர்கள்? ஒருநாள் வேலைக்கு அட்வான்ஸே கிடையாது. பெரிய வேலை என்றால் பிளைவுட்டையும் கீலையும் நீங்களே கடையில் பணம் கட்டி இறக்குங்கள். கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசி 20 சதவீதம், கதவுகள் நேராகச் சாத்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான்.

ஸ்ரீராமபுரம்: பிளம்பரே கீஸரை மாட்டி வயரும் கொடுத்துவிட்டார். குளிக்கும்போது லேசாக ‘சுர்’ரென்கிறது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழவில்லை, அதனால் பயமில்லை என்கிறார்.

முதலில் கீஸர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். அதன் பிறகும் குழாயைத் தொட்டால் சுர்ரென்றால், வேறு எங்கிருந்தோ கரண்ட் கசிகிறது. மெயினையே இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி விழாததை வைத்துத் தைரியம் சொல்வது பெரிய தவறு. எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 20 ஆம்பியர் எம்சிபி, 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஈர உடம்பில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே விழும் சுவிட்ச். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் ‘T’ என்ற பட்டனோடு அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே போடுங்கள்.

பழைய வீடுகளில் இரண்டே வயர் வந்திருக்கும்: கரண்ட் வரும் பேஸ், திரும்பிப் போகும் நியூட்ரல். கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இருக்காது. அங்கே அவசரக்காரர்கள் எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். எல்லாம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், கீஸரின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். வயர்மேன் பெர்மிட் உள்ளவரை அழைத்து, சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. கீஸர் போட்டு ஓடும்போது அங்கே சுத்தமாகப் பூஜ்யம் என்றால், இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வாட் கீஸர் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

பிளம்பரின் வேலை தண்ணீர் பக்கத்தோடு முடிகிறது. பச்சைத்தண்ணீர் நுழையும் இடத்தில் சேஃப்டி வால்வு போட வேண்டும், அதன் சொட்டுத் துளையை அடைக்கக்கூடாது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச். வயர் பக்கம் அவர் கையே போகக்கூடாது. ஒரே ஆள் எல்லாம் செய்தால் 300 ரூபாய் மிச்சம் என்று நினைப்பவர்கள், அந்த பாத்ரூமில் குளிப்பது தங்கள் பிள்ளைகள் என்பதை நினைக்க வேண்டும்.

அல்சூர்: கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமெண்ட் அடித்தால் நிற்குமா?

நிற்காது. எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள். எந்நேரமும் ஈரம் என்றால் தண்ணீர் வரும் பைப். குளித்த பிறகு மட்டும் என்றால் தரை அல்லது டிராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் அடிப்பாகம்). டிராப்பை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் கூடினால் தரை. கூடாவிட்டால் டிராப், கழிவு பைப். இதைச் செய்யாமல் கூலி பேசாதீர்கள்.

ஜாலஹள்ளி: கன்னடம் சரியாக வராது. பிளம்பரிடம் எப்படிச் சொல்வது?

‘நல்லி சோருத்திதே’ என்றால் குழாய் ஒழுகுகிறது என்று பொருள். நல்லி என்றதும் எலும்பை நினைக்காதீர்கள், அது குழாய். மற்றதற்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அடி அங்குலத்தை எழுதி, போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள்.

ஹெச்எஸ்ஆர் லேஅவுட்: மழை தொடங்கியதும் கதவு இடிக்கிறது. இழைக்கச் சொல்லலாமா?

இப்போது வேண்டாம். மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா பாருங்கள், பாதிக் கதவுகள் அதிலேயே சரியாகிவிடும். ஊறிய மரத்தில் இழைப்புளி போட்டால், ஜனவரியில் காய்ந்ததும் விரல் நுழையும் இடைவெளி நிற்கும்.