பொருளே இல்லாத மெயிலை யார் அனுப்புகிறார்கள், எதற்கு?

கேள்வி: சில வாரங்களாக என் ஜிமெயிலுக்கு விசித்திரமான மெயில்கள் வருகின்றன. சம்பந்தா சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் ஒரு பத்தி நிறைய இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது, வெறும் வெள்ளை. லிங்க் இல்லை, ஃபைல் இல்லை, எதையும் விற்கவும் இல்லை. இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்துவிட்டேன். இது ஏதாவது ரகசியச் செய்தியா? கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று மகன் வேறு பயமுறுத்துகிறான்.

பதில்: மகனுக்கு முதலில் ஆறுதல் சொல்லிவிடுங்கள். ஜிமெயிலில் ஒரு மெயிலைத் திறந்து படித்ததால் மட்டும் கணக்கு பறிபோகாது. லிங்கைத் தட்டினால், ஃபைலை இறக்கினால், பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் வம்பு.

ரகசியச் செய்தி என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1996 ஆகஸ்ட்டில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் நூற்றுக்கணக்கான செய்திகள் திடீரென வந்து விழுந்தன. தலைப்பு 'மார்கோவியன் பாராலாக்ஸ் டெனிக்ரேட்'. உள்ளே உங்களுக்கு வந்தது போலவே தொடர்பில்லாத சொற்கூட்டம். உளவாளிகளின் சங்கேதம் என்றுகூடப் பிற்பாடு கதை கட்டினார்கள். அனுப்பியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. எழுத்தை உருவாக்கும் ஏதோ ஒரு நிரலை யாரோ சோதித்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. இதே மாதிரி 2013-இல் தொடங்கி, 'வெப்டிரைவர் டார்சோ' என்ற யூடியூப் சேனலில் சிவப்பு, நீலச் செவ்வகங்கள் மட்டும் வரும் 11 விநாடி வீடியோக்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. வேற்றுக்கிரகவாசிகள் வரை பேச்சு போனது. கடைசியில் அது யூடியூப் தன் வீடியோ தரத்தைச் சோதிக்க வைத்திருந்த சேனல் என்று 2014-இல் கூகுளே ஒப்புக்கொண்டது.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய்வதில் பயனில்லை. அனுப்பியவனுக்கு அது உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பதுதான் முக்கியம். இல்லாத முகவரிக்கு மெயில் அனுப்பினால், அப்படி ஒருவர் இல்லை என்று எதிர்முனை சர்வர் பொதுவாகச் சொல்லிவிடும். மெயில் திரும்பி வராத முகவரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் விற்கக்கூடிய பட்டியல் தயார். இதற்கு வெற்று மெயிலே போதும். உங்களுக்கு வந்த வெள்ளை மெயில்களில் என் முதல் சந்தேகம் இதுதான்.

சொற்குவியலுக்குக் காரணம் வேறு. 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர், ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் எவ்வளவு வருகிறது, நல்ல மெயிலில் எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டு வடிகட்டும் முறையை எழுதிப் பிரபலமாக்கினார். உடனே ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்த வடிகட்டியை ஏமாற்ற விளம்பரத்தோடு சாதுவான சொற்களை அள்ளிப் போட ஆரம்பித்தார்கள். அப்படியானால் உங்கள் மெயிலில் விளம்பரம் எங்கே? பெரும்பாலும் அனுப்பிய மென்பொருள் சொதப்பியிருக்கும். விளம்பரப் படம் விடுபட்டு, அதைச் சுற்றி நிரப்பிய சொற்கள் மட்டும் வந்து சேர்ந்திருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் மேதைகள் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, நீங்கள் திறந்தீர்களா என்று கவனிப்பதும் உண்டு. 2013 இறுதியிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே காட்டுவதால் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) அவர்களுக்குப் போகாது. ஆனால் திறந்த விஷயம் தெரிந்துவிடலாம். அமைப்புகளில் 'படங்களைக் காட்டும் முன் கேட்கவும்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இந்த மெயில்களை வெறுமனே அழிக்காமல் 'ஸ்பேம்' என்று புகார் செய்யுங்கள். பதில் எழுத வேண்டாம். யாரென்றே தெரியாதவன் மெயிலில் 'அன்சப்ஸ்கிரைப்' இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நிஜமாகவே பதற வேண்டும். வாரத்துக்கு நாலு என்று வந்த மெயில், ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் கொட்டினால், அதுவும் நீங்கள் கேள்வியே படாத கடைகளும் செய்தி மடல்களும் 'பதிவு செய்ததற்கு நன்றி' என்று சொன்னால், யாரோ உங்கள் முகவரியை ஒரு நிரல் மூலம் கண்ட கண்ட படிவங்களில் எல்லாம் நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு நிஜ மெயில் ஒளிந்திருக்கலாம். உங்கள் கார்டில் பொருள் வாங்கிய ரசீது, பாஸ்வேர்டு மாறிய தகவல், வங்கியின் எச்சரிக்கை, இப்படி ஏதாவது. அது உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வெள்ளம். அப்போது எரிச்சலில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். உங்கள் வங்கியின் பெயர், 'ஆர்டர்', 'பாஸ்வேர்டு' ஆகியவற்றை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். வங்கி ஆப்பை நேராகத் திறந்து கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள், தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். இந்த நேரம் பார்த்து, 'உங்கள் மெயில் பிரச்சினையைச் சரிசெய்கிறோம்' என்று யாராவது தாமாகவே அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். வெள்ளத்தைத் திறந்துவிட்டவர்களே அப்படி அழைப்பதுண்டு.

இன்றைக்கு ஐந்து நிமிடம் இருந்தால், ஜிமெயில் அமைப்புகளில், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பும் 'ஃபார்வர்டிங்', வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் 'ஃபில்டர்' ஆகிய பகுதிகளைப் பாருங்கள். நீங்கள் போடாத விதி எதுவும் அங்கே இருக்கக்கூடாது. இருந்தால் அதை நீக்கிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எப்படியும் போட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு ஒரு மெயில் வந்தால் மகன் மறுபடி பயமுறுத்துவான். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது சுலபம். 'அனுப்பியவை' பெட்டியில் அது இல்லை, கணக்கில் புது லாகின் எதுவும் இல்லை என்றால் அதையும் ஸ்பேமில் தள்ளிவிடுங்கள்.