யோகா ஆசிரியர் பயிற்சியில் சேரும் முன்: கேள்வி பதில்

16 வருடமாக மதுரையில் யோகா வகுப்பு எடுக்கிறேன். கடைசி 7 வருடமாக ஆசிரியர் பயிற்சியிலும் எனக்கு ஒரு வேலை உண்டு. படிக்க வந்தவர்கள் முதன்முறையாக வகுப்பு எடுக்கும்போது, பின்வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து பார்ப்பேன். நேரில் போய்ப் படிக்கும் பயிற்சியைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன்.

சோழிங்கநல்லூர், ஐடி வேலை: ஒரு வருடமாக வீடியோ பார்த்து யோகா செய்கிறேன் அக்கா. 25 நாளில் 200 மணி நேரப் பயிற்சி என்கிறார்கள். முடித்தால் ஆசிரியராகிவிடலாமா?

முதலில் கணக்கைப் பாருங்கள் தம்பி. 25 நாளில் 200 மணி நேரம் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். வாரம் ஒரு நாள் லீவு விட்டால் ஒன்பதைத் தாண்டிவிடும். நாலாவது நாள் காலையில் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். முடித்த பிறகு ஆரம்பநிலை வகுப்பு எடுக்கலாம், அதுவும் எப்படிப்பட்ட இடத்தில் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எந்த இடமாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: "நான் எத்தனை முறை எழுந்து நின்று வகுப்பு எடுப்பேன்? அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" பல இடங்களில் கடைசி இரண்டு நாளில் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அது போதவே போதாது.

போன வருடம் ஒரு பையன் வந்திருந்தான். ஆசனம் செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. வகுப்பு எடுக்க விட்டோம். திரிகோணாசனத்தை வலப்பக்கம் செய்யவைத்துவிட்டு, இடப்பக்கத்தை மறந்து அடுத்ததற்குப் போய்விட்டான். அதற்கு முன்னால் "மூச்சை இழுங்க" என்றவன் விடச் சொல்லவே இல்லை. எதிரே எட்டுப் பேர் முகம் சிவந்து நிற்கிறார்கள்! எதிரில் நிற்பவர்களுக்கு "வலது கை" என்று சொல்லும்போது நாம் இடது கையைத் தூக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் பத்து வகுப்புக்கு நாக்கும் கையும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கும். யாராவது பார்த்துச் சொன்னால்தான் இது சரியாகும்.

வீடியோ மட்டும் பார்த்துப் பழகியவர் என்பதால், போவதற்கு முன் ஆறு மாதமாவது ஓர் ஆசிரியரிடம் நேரில் போங்கள். உங்கள் தோள் காதுவரை ஏறி நிற்பதை வீடியோ சொல்லாது.

திருச்சி: 'யோகா அலையன்ஸ்' சான்றிதழ் அரசு அங்கீகாரம் பெற்றது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

இல்லை. யோகா அலையன்ஸ் அமெரிக்காவில் இருக்கும் ஒரு தனியார் அமைப்பு. பள்ளிகளும் ஆசிரியர்களும் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளும் ஒரு பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பதிந்த பள்ளியில் 200 மணி நேரம் முடித்தால் 'ஆர்ஒய்டி 200' (பதிவு பெற்ற யோகா ஆசிரியர்) என்று நீங்களும் பதிந்துகொள்ளலாம், வருடா வருடம் கட்டணம் உண்டு. வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் வேலை தேடினால் கேட்பார்கள். மற்றபடி, அந்தப் பதிவேட்டுக்காக உங்களை யாரும் நேரில் வந்து சோதிப்பதில்லை. சான்றிதழ் கொடுப்பது பள்ளிதான்.

அரசு சார்ந்தது வேண்டுமென்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. அதில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. முதல் நிலை யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், அடுத்து வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர், அதன் பிறகு டீச்சர் அண்ட் எவால்யுவேட்டர், மாஸ்டர் என்று போகும். கல்லூரியில் வேலை என்று யோசித்தால் இந்த இரண்டுமே போதாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகாவுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, விசாரியுங்கள்.

ஈரோடு: படித்துவிட்டு சர்க்கரை, தைராய்டு நோயாளிகளுக்கு யோகா சிகிச்சை கொடுக்கலாமா?

ஒரு மாதப் படிப்பை வைத்துக்கொண்டா? கூடாது. சிகிச்சைக்கு என்றே பி.என்.ஒய்.எஸ். என்று ஐந்தரை வருட இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு இருக்கிறது, சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு வகுப்பு எடுக்கலாம், மாத்திரையை நிறுத்தச் சொல்ல மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

கோயம்புத்தூர்: ரிஷிகேஷ் போகலாமா, கேரளாவா, சென்னையா? ரிஷிகேஷ் போனால்தான் மதிப்பு என்கிறார்கள்.

ரிஷிகேஷ் அழகான ஊர். கங்கை, குளிர்ந்த காற்று, தெருவுக்கு நாலு பள்ளி. நல்லதும் உண்டு, டூரிஸ்ட்டுக்காக நடத்துவதும் உண்டு. ஆனால் அந்த ஊரில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936-இல் தொடங்கிய சுவாமி சிவானந்தர் யார் தெரியுமா? திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்தவர். பாய்க்குப் பேர்போன ஊர்! நாம் யோகா மேட்டைச் சுருட்டிக்கொண்டு இங்கிருந்து அங்கே ஓடுகிறோம்.

சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தா 1969-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி, திருவனந்தபுரம் பக்கம் நெய்யாறு அணை ஆசிரமத்தில் இன்றும் நடக்கிறது. நாலு வாரம், கட்டுப்பாடு அதிகம், காலையும் இரவும் சத்சங்கம். அது பிடித்தவர்களுக்குச் சரி. சென்னை என்றால் வேறு மரபு. யோகாவை உலகம் முழுக்கக் கொண்டுபோன பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குருவான கிருஷ்ணமாச்சார்யா 1952-இல் சென்னைக்கு வந்து, 1989-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கியதுதான் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம். ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது அந்த வழி. ஒரே மாதத்தில் முடித்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. புனேயில் ஐயங்கார் முறையும் அப்படித்தான், ஆசிரியராவதற்கு வருடக்கணக்கில் ஒருவரிடம் படிக்க வேண்டும்.

ஊரைப் பார்க்காதீர்கள், எந்த முறையில் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். அந்த முறையில் ஒரு வாரம் சாதாரண வகுப்புக்குப் போய்விட்டு முடிவெடுங்கள்.

தஞ்சாவூர், வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர், 54 வயது: முழங்கால் வலி உண்டு. சிரசாசனம் வராது. சேர்த்துக்கொள்வார்களா மேடம்?

தாராளமாக. சிரசாசனம் வராததால் யாரும் மோசமான ஆசிரியர் ஆனதில்லை. ரத்த அழுத்தம், கண்ணில் க்ளாகோமா, கழுத்து எலும்புத் தேய்மானம் இதில் எது இருந்தாலும் அதைச் செய்யவே கூடாது. விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். முழங்காலுக்குப் பத்மாசனம்தான் எதிரி: இடுப்பு மூட்டு திறக்காதபோது காலை இழுத்து மடக்கினால் திருகல் முழுவதும் முழங்காலில் விழும். நாற்காலி கேளுங்கள். கொடுக்க முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடம் இல்லை. பிறகு உங்களிடம் வரப்போகிறவர்களும் முழங்கால் வலிக்காரர்கள்தான் மேடம். இருபது வயதுப் பெண்ணைவிட உங்களுக்கு அவர்கள் கஷ்டம் புரியும்.

விருதுநகர்: அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்கிவிட்டுக் கட்டுங்கள். எனக்கே சூடு பட்டிருக்கிறது. மேற்படிப்புக்காக ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பாதிப் பணம் கட்டிவிட்டுப் போனேன். 15 பேர் என்று சொன்ன ஹாலில் 46 பேர். மேட் விரிக்க இடமில்லாமல் ஒருவர் கால் இன்னொருவர் தலையில். எந்த ஆசிரியருக்காகப் போனேனோ அவர் வெளிநாட்டில். அவர் மாணவர்கள் பாடம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினேன், பணம் வரவில்லை. அதனால் ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், தலைமை ஆசிரியர் தினமும் எத்தனை மணி நேரம் பாடம் எடுப்பார், இரண்டையும் மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். போனில் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடும்.

சேலம், பெண், 26: தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. தொட்டுத் திருத்துவார்களாமே?

திருத்துவார்கள், கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். முதல் நாளே "என்னைத் தொடாமல் வாயால் சொல்லுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில பள்ளிகளில் மேட் ஓரத்தில் வைக்க ஒரு அட்டை கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சரி, மறுபக்கம் வேண்டாம் என்று அர்த்தம். பெண் ஆசிரியர் யாராவது அங்கேயே தங்குகிறாரா, அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். "குருவிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது" என்ற பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். அங்கே படித்த பெண்கள் இரண்டு பேரிடமாவது முன்னாலேயே பேசிவிடுங்கள் கண்ணு.

நாகர்கோவில்: நான் கிறிஸ்தவர். மந்திரம், பஜனை கட்டாயமா?

ஆசிரமத்தில் பெரும்பாலும் கட்டாயம். தனியார் பள்ளிகளில் ஓம் சொல்வதோடு நின்றுவிடும், சில இடங்களில் அதுவும் இல்லை. தத்துவப் பாடம் எங்கும் உண்டு. பதஞ்சலி சூத்திரம் படிக்காமல் முடியாது. பாடமாகப் படிக்கச் சம்மதம், பூஜையில் உட்காரச் சம்மதமில்லை என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பினாங்கு, மலேசியா: சுற்றுலா விசாவில் வந்து படிக்க முடியுமா?

குறுகிய கால யோகா பயிற்சி இந்திய இ-டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்கப்பட்டது. ஒரு மாதப் பயிற்சிக்கு அது போதும். பல்கலைக்கழகப் படிப்பு என்றால் மாணவர் விசா.

திண்டுக்கல்: எல்லாம் இங்கிலீஷில் இருக்குமாமே?

பெரும்பாலும் ஆமாம். அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். "எங்கேஜ் யுவர் கோர்" என்று மனப்பாடம் செய்து வருபவர்கள், நம்மூர் அம்மாக்கள் முன்னால் அதையே சொல்லிவிட்டு முழிப்பார்கள். "தொப்புளை லேசா உள்ளே இழுத்துக்குங்க" என்றால் முடிந்தது. நோட்டில் ஒரு பக்கம் அவர்கள் சொல்வது, எதிர்ப்பக்கம் அதை உங்கள் அத்தையிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். என் பழைய நோட்டு அப்படித்தான் இருக்கிறது, இன்றும் எடுத்துப் பார்ப்பேன்.

ராஜபாளையம்: காபி கிடைக்குமா?

ஆசிரமத்தில் கிடைக்காது. முதல் மூன்று நாள் தலைவலிக்குத் தயாராகப் போங்கள், அல்லது இரண்டு வாரம் முன்பிருந்தே குறையுங்கள். சிலர் நாலரைக்கு எழுந்து கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடைக்கு நழுவுவார்கள். நான் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

மதுரை, வில்லாபுரம்: பயிற்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது அக்கா. இப்போது என்ன செய்யட்டும்?

தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், டிவியும் தரையில் உட்கார்ந்தே பாருங்கள். அங்கே ஆசனத்தைவிடத் தத்துவ வகுப்பில் இரண்டு மணி நேரம் சம்மணம் போடுவதில்தான் பலர் துவண்டுபோகிறார்கள். அப்புறம், வீட்டில் அம்மாவை நிறுத்தி வைத்துச் சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் செய்து காட்டக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். போனில் பதிவு செய்து கேளுங்கள். "என்னடா சொல்ற, எந்தக் கால?" என்று அம்மா கேட்கிற இடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.