ஒடியாப் பேச்சும் ஜிஎஸ்டி எண்ணும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு ஒரு பக்கம் தையல் ஹால். நாள் முழுக்க மிஷின் ஓடும், அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. இன்னொரு பக்கம் ஜன்னல். டீ நேரத்தில் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் அங்கே நின்று பேசுவார்கள். மெதுவாகத்தான் பேசுகிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்த நேரம் பார்த்து பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஏற்றினால் தப்பாகிவிடுகிறது. 4718 என்பதை 4178 என்று அடிக்கிறேன். புரியாத பேச்சு எப்படி இடைஞ்சலாகும்? எங்கள் மேனேஜர், "செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்துல நூறு விஷயத்தைக் கவனிச்சாரு, உனக்கு ஒரு நம்பர் நிக்காதா?" என்கிறார். ஹெட்போனில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாமா? அல்லது என் மூளையில்தான் கோளாறா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கோளாறு இல்லை. உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. 4718, 4178 இரண்டையும் பாருங்கள். நான்கு இலக்கமும் இருக்கின்றன, ஒன்றும் தொலையவில்லை, வரிசைதான் குலைந்திருக்கிறது. காதில் விழும் பேச்சு இந்த வகை நினைவைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பில்லைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று நொடி எண்ணை எப்படிப் பிடித்துவைக்கிறீர்கள்? கண்ணால் அல்ல. "நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறீர்கள். இப்படிக் கையில் உள்ள வேலைக்காகச் சற்று நேரம் எதையாவது மனத்தில் தாங்கும் ஏற்பாட்டைச் செயல்நினைவு என்கிறார்கள். 1974இல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் இதற்கு ஒரு வரைவு கொடுத்தார்கள். அதில் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லி ஒலியாகக் காப்பாற்றும் பகுதி ஒன்று தனியாக உண்டு. ஜன்னல் பேச்சு வந்து மோதுவது அங்கேதான்.

1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் செய்த சோதனை உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் எழுத்துகளைக் காட்டி வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னார்கள். கூடவே ஜெர்மன் உரை ஒன்றை ஒலிக்க விட்டு, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். ஒரு சொல்லும் புரியாத பேச்சு, ஆனாலும் தவறுகள் கூடின. பின்னர் பியர் சலாமேயும் பேட்லியும் 1982இல் அர்த்தமுள்ள சொல், அர்த்தமில்லாத அசை இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கெடுத்தன. ஆகவே அந்தப் பையன்கள் கோவைத் தமிழில் பேசியிருந்தாலும் உங்கள் 4718 இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். மெதுவாகப் பேசுவதாலும் பெரிய பயனில்லை. சாதாரணப் பேச்சு அளவுக்குள் சத்தம் ஏறினாலும் இறங்கினாலும் பாதிப்பு அதிகம் மாறுவதில்லை.

அப்படியானால் மிஷின் சத்தம்? இதைத் துருவியவர் பிரிட்டனில் கார்டிஃபில் இருந்த உளவியலாளர் டிலன் ஜோன்ஸ். ஒரே அசையைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் நினைவுக்குச் சேதம் குறைவு. அசை மாறி மாறி வந்தால் சேதம் அதிகம். பேச்சே வேண்டியதில்லை, சுருதி மாறிக்கொண்டே இருக்கும் வெறும் ஒலிகளும் இதைச் செய்கின்றன. மாறிவரும் ஒலிகளை மூளை நம்மைக் கேட்காமலே வரிசைப்படுத்திக்கொள்கிறது, நாம் மெனக்கெட்டுப் பிடித்திருக்கும் வரிசையோடு அது இடிக்கிறது என்பது அவர் விளக்கம். பேட்லி தரப்பு வேறு விதமாகச் சொன்னது. எனக்கு ஜோன்ஸ் சொல்வதே பொருந்துகிறது, உங்கள் 4178 அவர் கட்சிக்குச் சாட்சி. தையல் ஹாலின் இரைச்சல் ஒரே சீராகக் கலந்துவிடுவதால் அதில் வரிசையென்று பிடிக்க ஒன்றுமில்லை. குரல்களே கூட அப்படித்தான். ஒருவர் இருவர் பேசினால் இடைஞ்சல். ஐந்தாறு பேர் ஒன்றாகப் பேசினால் சொற்கள் குழம்பி இரைச்சலாகி, இடைஞ்சல் குறைகிறது. டீக்கடைக் கூச்சலில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் வித்தைக்காரர்கள் இல்லை.

இனி உங்கள் மேனேஜர் விஷயம். கவனம் இருந்தால் எதையும் தள்ளிவிடலாம் என்று அவர் நினைக்கிறார். தள்ளுவது உண்மைதான். 1953இல் காலின் செர்ரி இரண்டு காதுகளிலும் வேறு வேறு பேச்சைக் கொடுத்து, ஒன்றை மட்டும் கூடவே சொல்லிவரச் சொன்னார். மற்றக் காதில் ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியது பலருக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு வலுவாக மூளை ஒதுக்குகிறது. ஆனால் ஒதுக்கிய பேச்சும் உள்ளே வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போகிறது. கவனிக்காமல் இருக்க முடிகிறது, பாதிக்கப்படாமல் இருக்க முடிவதில்லை. மேனேஜருக்குப் பிடிபடாத இடம் இதுதான்.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. ஒதுக்கிய காதில் தன் பெயர் ஒலித்தால் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கேட்டுவிடும் என்று 1959இல் நெவில் மோரே காட்டினார். 2001இல் வந்த ஓர் ஆய்வில், செயல்நினைவுத் திறன் குறைந்தவர்களில் 65 சதவீதம் பேர் தம் பெயரைக் கேட்டார்கள், திறன் கூடியவர்களில் 20 சதவீதம் பேர்தான். ஆனால் உங்களுக்கு நடப்பது போன்ற வரிசைக் குலைவில் அந்தத் திறன் பெரிதாகக் கைகொடுப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. மேனேஜரையே அந்த ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்க்கலாம்.

இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிக்கும் வித்தை, செய்து காட்டியவர். முதுகில் எறிந்த நெல்லை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, நடுவே ஈற்றடி கொடுத்தால் வெண்பா முடிப்பது என்று போகும் கலை அது. தெலுங்கு அவதானத்தில் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒரு ஆசனம் உண்டு. அப்பிரஸ்துதப் பிரசங்கம் என்று பெயர். சம்பந்தமில்லாமல் பேசி, வித்தை காட்டும் அவதானியைக் கலைப்பதுதான் அங்கே உட்காருகிறவர் வேலை. அவதானி அவரைக் காதில் வாங்காமல் விடுவதில்லை, நக்கலாகப் பதில் சொல்லிவிட்டுச் செய்யுளுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இருப்பது யாப்பு. சீரும் தளையும் எதுகையும் அடுத்து என்ன வரலாம் என்பதைக் கட்டிவைத்திருக்கின்றன. 4718க்கு எதுகை கிடையாது. பாவலரிடம் பத்து பில்லைக் கொடுத்து ஏற்றச் சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹெட்போன் பாட்டு வேண்டாம். வார்த்தையுள்ள பாட்டு பேச்சைப் போலவே கெடுக்கும். வாத்திய இசை பரவாயில்லை. சீரான மழைச் சத்தம் அதைவிட நல்லது.

ஜிஎஸ்டி எண்ணை ஒரே மூச்சில் பிடிக்காதீர்கள். 15 இடம் என்று பயமுறுத்தினாலும் முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து பான் எண். அதில் நான்காவது எழுத்து கம்பெனியா தனிநபரா என்பதைச் சொல்லும், ஐந்தாவது பெயரின் முதலெழுத்து. இவை பில்லின் தலைப்பைப் பார்த்தாலே தெரியும். பதினான்காவது இடம் பெரும்பாலும் இசட். மனத்தில் நிற்காமல் நழுவுவது நடுவில் வரும் நான்கு இலக்கம்தான். அதற்கு மட்டும் விரலை பில்லில் வைத்து இரண்டிரண்டாக அடியுங்கள். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, மென்பொருள் அதைச் சோதித்தால் மாறிய இலக்கம் பெரும்பாலும் அங்கேயே சிக்கிவிடும். பில் தொகைக்கு அந்தக் காவல் இல்லை, கவனமெல்லாம் அங்கே போகட்டும்.

இதெல்லாம் தொல்லை என்றால், மேசையை ஜன்னலிலிருந்து தையல் ஹால் பக்கம் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள். மேனேஜர் சிரிப்பார். ஒரு வாரம் தப்புகளை எண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்