நன்றாக வரைய வரும், ப்ரொடக்‌ஷன் டிசைனர் ஆக அது போதுமா?

போதாது. வரையத் தெரிந்தால் சினிமாவின் கலைத்துறைக்குள் நுழையலாம். அங்கே நிலைக்க டேப் பிடித்து அளக்கவும், கணக்குப் போடவும் வரவேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். படம் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று இயக்குநரோடும் ஒளிப்பதிவாளரோடும் உட்கார்ந்து முடிவு செய்பவர் ப்ரொடக்‌ஷன் டிசைனர். அதை வரைபடமாக்கி, ஆள் வைத்து, பட்ஜெட்டுக்குள் கட்டித் தருபவர் ஆர்ட் டைரக்டர். சின்னப் படங்களில் இரண்டும் ஒரே தலையில்தான் விழும்.

கதை கைக்கு வந்ததும் காட்சிவாரியாகப் பிரிப்பார்கள்: உள்ளா வெளியா, பகலா இரவா, என்னென்ன பொருள், எது உடைகிறது. 'டம்ளர் உடைகிறது' என்று ஒரு வரி இருந்தால் ஒரே மாதிரி டம்ளர் ஏழெட்டாவது வேண்டும். முதல் டேக்கே ஓகே ஆகும் என்று ஒன்றோடு போனால் படப்பிடிப்பு நின்றுவிடும். கதை வரிசையிலும் எடுக்க மாட்டார்கள். காலையில் இடித்த சுவர் மதியம் முழுசாக நிற்க வேண்டியிருக்கும்.

உண்மையான சோதனை செட்டில்தான். 12க்கு 14 அடி அறை வாழத் தாராளம். கேமராவும் லைட்டும் ஆட்களும் நுழைந்தால் மூச்சு முட்டும். அதனால் ஒரு சுவரையாவது கழற்றும்படி கட்டுவார்கள். மரச்சட்டத்தில் 8க்கு 4 அடி பிளைவுட் அடித்த சுவர்த் துண்டுகளுக்கு ஃபிளாட் என்று பெயர். ஒவ்வொன்றும் பக்கத்து ஃபிளாட்டோடு ஆணி இல்லாமல் கிளாம்ப் அல்லது போல்ட்டில் நிற்கும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: மூட்டின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்துவிடுவார்கள், கழற்றும்போது அத்தனையும் பெயர்ந்து வரும். மூட்டு, மூலையிலோ தூணின் மறைவிலோ கதவு நிலையை ஒட்டியோ வரும்படி 1:50 வரைபடத்திலேயே (நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்கு) குறித்துவிட வேண்டும்.

தூய வெள்ளைச் சுவர் லைட்டில் வெளுத்து, முன்னால் நிற்பவரின் முகத்தை இருட்டாக்கும். ஒரு பலகையில் நிறத்தை அடித்து, ஒளிப்பதிவாளரின் லைட்டிலேயே கேமராவில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மேடை போட்ட தளத்துக்கு அடியில் ஃபோமோ கம்பளமோ போடாவிட்டால் ஒவ்வொரு அடியும் பெட்டியைத் தட்டுவது போல மைக்கில் கேட்கும். தொடர்களுக்கு ஒரே செட் மாதக்கணக்கில் நிற்கும், சுவர் உராயும். பெயின்ட் நிறத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டு ஒரு டப்பா எடுத்து வையுங்கள்.

ஆர்ட் அசிஸ்டென்ட், வரைவாளர், அசிஸ்டென்ட் ஆர்ட் டைரக்டர், ஆர்ட் டைரக்டர் என்று படியேறப் பல வருடம் ஆகும். போர்ட்ஃபோலியோவில் அழகான ஓவியம் இருபது வேண்டாம். ஒரே ஒரு காட்சிக்குத் தள வரைபடம், சுவரின் நேர்த்தோற்றம், பொருள் பட்டியல், செலவுக் கணக்கு, கடைசியாக அந்த செட்டின் சின்ன மாதிரி வடிவத்தின் போட்டோ, இவை போதும்.