கேள்வி பதில்: காட்ஸில்லா, சயாம் ரயில், ஒரு மலாய்ப் பாட்டு

போன இதழில் பேரனோடு உட்கார்ந்து 1954ஆம் ஆண்டு வந்த 'காட்ஸில்லா' என்ற ஜப்பானியப் பூதப் படத்தைப் பார்த்த கதையை நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஜப்பானியப் பூதத்துக்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கே: ஐயா, நீங்கள் சொன்ன படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்கார நிருபர் வந்து கதை முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். நீங்கள் எழுதியதில் அப்படி ஒருவரே இல்லையே? (வாசகர், கோல கங்சார்)

ப: தம்பி, நீங்கள் பார்த்தது அமெரிக்காக்காரர்கள் வெட்டி ஒட்டிய படம். ஜப்பானில் தோஹோ நிறுவனம் 1954 நவம்பர் 3ஆம் தேதி வெளியிட்ட 'கொஜிரா' (காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர்) 96 நிமிடம். இஷிரோ ஹோண்டா இயக்கியது. அதன் உரிமையை வாங்கிய அமெரிக்க வியாபாரிகள், ஜப்பானிய முகங்கள் மட்டும் இருந்தால் தங்கள் ஊர் ஜனங்கள் உட்கார மாட்டார்கள் என்று நினைத்து, ரேமண்ட் பர் என்ற நடிகரை ஸ்டீவ் மார்ட்டின் என்ற நிருபராகப் போட்டுத் தனியாகக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். அந்தக் காட்சிகளை இயக்கியவர் டெர்ரி மோர்ஸ். அந்த நிருபர் ஜப்பானிய விஞ்ஞானியின் மகளிடம் பேசுகிற இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், அந்தப் பெண்ணின் முதுகுதான் தெரியும், ஏனென்றால் அது வேறு பெண். இப்படிப் புதிதாகச் சேர்த்த பிறகும் 1956இல் வெளிவந்த படம் 80 நிமிடம்தான். அப்படியானால் மூலப்படத்திலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வெட்டினார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம். ரயிலில் ஒரு இளம்பெண், நாகசாகியில் உயிர் தப்பி வந்தவள், இப்போது இதுவுமா என்று சலித்துக்கொள்வாள். அது போய்விட்டது. கடைசியில் முதிய விஞ்ஞானி யமானே (தகாஷி ஷிமுரா நடித்தது), அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா உலகில் எங்காவது எழுந்து வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதுவும் இல்லை. அந்த இடத்தில் நிருபர், உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்கிற மாதிரி பேசி முடித்துவிடுகிறார்.

அந்தப் படம் எந்த வருஷத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் சாம்பல் மழைபோல் விழுந்தது. படகில் 23 பேர். அவர்களில் வானொலி இயக்குநராக இருந்தவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் படம் வந்தது. படத்தின் முதல் காட்சியிலேயே கடலில் ஒரு வெளிச்சம் வெட்டும், கப்பலில் வாத்தியம் வாசித்துக்கொண்டு ஓய்வாக இருந்தவர்கள் எரிவார்கள். அரங்கில் இருந்த ஜப்பானியர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாடுகளில் பல இடங்களுக்குப் போனது வெட்டிய படம்தான். அமெரிக்காவில் மூலப்படம் ஒழுங்காகத் திரையரங்குகளில் ஓடியது 2004இல், ஐம்பது வருஷம் கழித்து. நான் எண்பதுகளில் இங்கே பட்டணத்து வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்ததும் நிருபர் படம்தான். ஊரை மிதிக்கிற பல்லி என்று நினைத்துச் சிரித்துவிட்டு கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூலப்படத்தைப் பார்க்க எனக்கு இன்னும் முப்பது வருஷம் ஆனது.

கே: தம்பி, என் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது நான் கைக்குழந்தை. அவர் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் அழுகிற படத்தைப் பார்த்து நாமும் அழ வேண்டும் என்கிறீர்களா? (வாசகி, சுங்கை சிப்புட்)

ப: அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழ வேண்டும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் 415 கிலோமீட்டர். அதில் நம் தோட்டத்து ஜனங்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மலேரியாவிலும் போனார்கள். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் இருந்துகொண்டு நேற்றுவரை ரப்பர் பால் வெட்டிய மனிதனை எந்தக் காட்டில் புதைத்தார்கள் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது. அந்தப் படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் ஊர் எரிந்தது இருக்கிறது, அவர்கள் போய் எரித்த ஊர்கள் இல்லை. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் படம் பிறந்த கதையில் நம் பக்கத்து மண்ணின் கோபம் இருக்கிறது. தயாரிப்பாளர் தொமொயுகி தனாகா அந்த வருஷம் எடுக்க இருந்தது இந்தோனேசியாவோடு சேர்ந்து ஒரு போர்ப்படம். ஜப்பான்காரன் காலத்தை மறக்காத இந்தோனேசியா விசா கொடுக்க மறுத்துவிட்டது. படம் கைவிட்டுப் போனது. ஜகார்த்தாவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது கீழே கடலைப் பார்த்துக்கொண்டே, இதற்குள்ளிருந்து ஒரு பூதம் வந்தால் என்ன என்று தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார். இயக்குநர் ஹோண்டாவும் சீனாவில் பல வருஷம் சிப்பாயாக இருந்து, சிறைப்பட்டு, போர் முடிந்த பிறகு ஹிரோஷிமா வழியாக ஊர் திரும்பியவர். அவர் பார்த்த சாம்பல்தான் அந்தப் படத்து டோக்கியோ.

அதில் ஒரு இடம். ஊர் பற்றி எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அப்பாகிட்ட போகப் போறோம், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அவர்களிடம் சொல்வாள். அந்த அப்பா எங்கே செத்தார் என்று படம் சொல்லாது. எனக்கு அந்த இடத்தில் உங்களைப்போல் வளர்ந்தவர்களின் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டாம் அக்கா. உங்கள் அப்பாவின் பெயரையும், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். பத்திரிகையில் போடலாம் என்றால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கே: காட்ஸில்லாவின் அந்தக் கத்தலை எப்படி எடுத்தார்கள்? (மாணவர், தஞ்சோங் மாலிம்)

ப: இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை அது. பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் தந்தியை உராய்ந்து, அந்த ஒலியை மெதுவாக ஓடவிட்டார்கள். எந்த மிருகமும் கத்தவில்லை. பூத உடுப்புக்குள்ளே நடந்தவர் ஹருவோ நகஜிமா. உடுப்பு கிட்டத்தட்ட 100 கிலோ, மேலே விளக்குச் சூடு வேறு.

கே: ஐயா, பட்டுப்பூச்சி மாதிரி ஒரு பூதம் வரும் படத்தில் இரண்டு குட்டிப் பெண்கள் மலாயில் பாடுவதுபோல் என் காதுக்குக் கேட்டது. வீட்டில் யாரும் நம்பவில்லை. (வாசகி, பாகான் செராய்)

ப: உங்கள் காது சரிதான் அம்மா! அது 1961இல் வந்த 'மோத்ரா'. அதுவும் ஹோண்டா படம்தான். பாடுபவர்கள் 'தி பீனட்ஸ்' என்ற இரட்டைச் சகோதரிகள், எமி இட்டோ, யுமி இட்டோ. தீவுக் கூட்டத்தின் பழைய மொழிபோல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பாட்டை இந்தோனேசிய மொழியில் பாடவைத்தார்கள். அதனால்தான் பள்ளியில் மலாய் படித்த எவருக்கும் பாதி புரிகிறது. மோத்ராவை எழுப்புகிற வேண்டுதல் அது. 'பங்குன்லா' என்று வரும், எழுந்திரு என்று அர்த்தம். 'கெசக்தியான்' என்றும் வரும். அதற்குள் உட்கார்ந்திருப்பது நம் சக்திதான். தீமிதித் திருவிழாவில் நம் ஆட்கள் சக்தி சக்தி என்று கத்துவார்களே, அதே சொல் டோக்கியோவில் இரண்டு ஜப்பானியப் பெண்கள் வாயில். வீட்டில் நம்பாதவர்களை உட்காரவைத்து, சகோதரிகள் மேடையில் பாடுகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டிவிடுங்கள்.