மேற்கோள் எண்ணிக்கையும் மருத்துவரின் கைத்திறனும்: வாசகர் கேள்வி - பதில்

ஈரோடு வாசகி: எங்கள் குழந்தைக்கு அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு). ஒரு டாக்டரின் விவரக்குறிப்பில் ‘ஹெச்-இண்டெக்ஸ் 22, மேற்கோள்கள் 1,800’ என்று போட்டிருக்கிறது. இதை நம்பி அவரிடம் போகலாமா?

இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 22 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 22 முறை மற்றவர்களால் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய ஹெச் 22. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. அவர் மனத்தில் இருந்தது இயற்பியல்தான், அறுவை அரங்கு அல்ல.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. ஒரே ஒரு கட்டுரையை உலகமே பின்பற்றினாலும் ஹெச்சில் அதன் பங்கு 1தான். வயது ஏற ஏற எண்ணும் ஏறும், இறங்குவதே இல்லை. பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் பத்துப் பேருக்கும் முழு மதிப்பெண். அண்ணப்பிளவும் அடங்கும் கபால-முக அறுவை சிகிச்சை சின்னத் துறை. எழுதுகிறவர்களும் குறைவு, எடுத்தாளுகிறவர்களும் குறைவு. ஆகவே இதய மருத்துவரின் எண்ணோடு இதை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம்: கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் மாநாட்டுத் தாள்களையும்கூடச் சேர்த்துக்கொள்ளும், ஸ்கோபஸ் என்ற தரவுத்தளம் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணும். ஒரே ஆளுக்கு இரண்டிலும் இரண்டு எண் வரும்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். முதலெழுத்து, தகப்பனார் பெயர், சொந்தப் பெயர் ஆகிய மூன்றில் எது குடும்பப் பெயர் என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ‘எஸ். குமார்’ என்றால் பல துறை எஸ். குமார்களின் கட்டுரைகள் ஒரே தலையில் கட்டப்படலாம். ஒருவருடையவை மூன்று பெயர்களில் சிதறியும் கிடக்கலாம். இதற்காகத்தான் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. அது இருந்தால் அதன் வழியே போய், எண்களை விட்டுவிட்டுக் கட்டுரைத் தலைப்புகளைப் பாருங்கள். அண்ணப்பிளவைப் பற்றி எத்தனை, பல் பதிக்கும் இம்பிளான்ட் பற்றி எத்தனை என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

மதுரை பயிற்சி மருத்துவர்: விபத்து கேஸ்களின் சி.டி. அறிக்கையில் முக எலும்பு முறிவு வகைகளைத் தினமும் ‘லெஃபோர்’ என்ற மருத்துவரின் பெயரால் எழுதுகிறோம். அவருடைய கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதாகத் தெரியவில்லையே?

காட்டுவது குறைவுதான். ஓர் ஆய்வு அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டால் மேற்கோள் நின்றுவிடும், பெயர் மட்டும் தங்கும். பிரான்சின் லில் நகரைச் சேர்ந்த ரெனே லெஃபோர், சடலங்களின் தலைகளில் மழுங்கிய அடி கொடுத்து, எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று பார்த்து 1901இல் எழுதினார். முதல் வகையில் மேல்வரிசைப் பல்லோடு அண்ணம் தனியாக ஆடும். இரண்டாவதில் மூக்கும் சேர்ந்து பிரமிடு வடிவில் ஆடும். மூன்றாவதில் முகமே கபாலத்திலிருந்து கழன்றுவிடும். மூன்றுக்கும் பொதுவானது, மேல்தாடைக்குப் பின்னால் உள்ள டெரிகாய்டு தகடு உடைவது. சி.டி.யில் அது முழுசாக இருந்தால் அறிக்கையில் லெஃபோர் என்று எழுதும் முன் மறுபடி பாருங்கள். இன்றைய வாகன விபத்துகளில் வலப்பக்கம் ஒரு வகை, இடப்பக்கம் இன்னொரு வகை என்று கலந்தே வரும். பக்கவாரியாக எழுதுவது நல்லது.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் டெஸியர் கதையும் இப்படித்தான். அகன்று விலகிய கண்குழிகளைக் கபாலத்துக்குள்ளிருந்து விடுவித்து நெருக்கி வைக்கலாம் என்று 1967இல் ரோம் மாநாட்டில் காட்டினார். கபால-முக அறுவை சிகிச்சை தனித் துறையானது அதற்குப் பிறகுதான். முகப்பிளவுகளுக்கு 0 முதல் 14 வரை அவர் கொடுத்த எண்கள் 1976இல் வெளியாயின. கண்குழிக்குக் கீழே ஒரு பிளவு, மேலே அதன் தொடர்ச்சி என்றால் இரண்டு எண்களையும் கூட்டினால் 14 வரும்: 3க்கு 11, 4க்கு 10. மேற்கோளே போடாமல் ‘டெஸியர் 7’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் உலகில் எந்த ஊர் மருத்துவருக்கும் அது வாய்க்கோடியிலிருந்து காதை நோக்கி ஓடும் பிளவு என்று புரியும். எந்த இண்டெக்ஸிலும் இந்தத் தாக்கம் ஏறாது.

தஞ்சாவூர் வாசகர்: நோயாளிகள் எண்ணிக்கை அதிகமான ஆய்வுதானே நம்பகமானது?

ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிட, ஆமாம். புதிய வழி ஒன்றைத் திறக்க, அவசியமில்லை. நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி குழு 1992இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது நான்கே குழந்தைகள். குட்டையான கீழ்த்தாடையை வெட்டி, வெளியே திருகுக் கருவி பொருத்தி, மெல்ல மெல்ல 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை நீட்டினார்கள். கால் எலும்பில் ரஷ்யாவின் இலிசரோவ் செய்ததை முகத்துக்குக் கொண்டுவந்ததுதான் அதன் பெருமை.

இன்றைய வழக்கமான முறை இது: எலும்பை வெட்டியபின் சுமார் 5 நாள் திருகாமல் விடுவார்கள். பிறகு காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை, ஆக நாளுக்கு 1 மில்லிமீட்டர். தேவையான நீளம் வந்ததும் சுமார் 8 வாரம் கருவியை அசைக்காமல் வைத்து எலும்பு இறுக விடுவார்கள். அவசரப்பட்டுத் திருகினால் இடைவெளியில் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் நிற்கும். மந்தமாகத் திருகினால் பாதியிலேயே எலும்பு ஒட்டிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டுவதால் அவர்களுக்கு வேகத்தைக் கூட்டுவதுண்டு. முளைக்காத பல்லும் கீழுதட்டு உணர்ச்சி நரம்பும் அடிபடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. ஆனாலும் தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறும் பிள்ளைகளில் பலருக்குத் தொண்டையில் துளை போடாமலே சமாளிக்க வழி பிறந்தது.

மறுபடி ஈரோடு வாசகி: அப்படியானால் டாக்டரிடம் என்னதான் கேட்பது?

அண்ணப்பிளவு அறுவைக்கு ஏற்ற வயது எது என்று பார்த்து 2023இல் வெளியான டாப்ஸ் ஆய்வு நல்ல உரைகல். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் அண்ணப்பிளவு மட்டும் உள்ள, மற்றபடி ஆரோக்கியமான 558 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 6 மாதத்திலும் மறு சாராருக்கு 12 மாதத்திலும் அறுவை செய்தார்கள். 5 வயதில் பேச்சைச் சோதித்தபோது, பேசும்போது அண்ணம் மூக்குவழியைச் சரியாக மூடாத குறை முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம். மயக்க மருந்துக்கும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கும் வசதியுள்ள இடங்களில் கிடைத்த முடிவு இது. எடை குறைந்த, இதயக் கோளாறுள்ள பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆகவே கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை அண்ணப்பிளவுகளுக்கு அறுவை செய்கிறீர்கள்? தையல் விட்டு அண்ணத்தில் ஓட்டை விழுந்தது எத்தனை பேருக்கு? 5 வயதில் பேச்சைப் பதிவு செய்து சோதிக்கிறீர்களா, மூக்கால் பேசும் பிள்ளைகளுக்கு மறு அறுவை எத்தனை? பேச்சுப் பயிற்சியாளர், பல் சீரமைப்பு மருத்துவர், காது மருத்துவர் ஒரே குழுவில் இருக்கிறார்களா? காது மருத்துவரை விட்டுவிடாதீர்கள். அண்ணப்பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கோப்பது மிகச் சாதாரணம். கேட்காத காது பேச்சையும் பின்னுக்கு இழுக்கும்.